பந்து பட்ட மோதிர விரல்: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், 5 வாரமாக நீட்ட முடியவில்லை

செட்டர் மணி எழுதியது:

எனக்கு 34 வயது. எலக்ட்ரீஷியன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் டீமில் வாலிபால் ஆடுகிறேன். 5 வாரத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் பிளாக் போடக் கை தூக்கினேன். எதிரணிக்காரர் அடித்த பந்து வலது மோதிர விரலின் நுனியில் நேராக வந்து மோதியது. விரல் பின்பக்கமாகப் போய்விட்டது. நடுக்கணு மேலே புடைத்து நின்றது. பக்கத்தில் நின்ற நண்பன் யோசிக்காமல் பிடித்து இழுத்துவிட்டான். டக்கென்று ஒரு சத்தம், விரல் நேராகிவிட்டது. அன்று ராத்திரிக்குள் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் போய் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் ஒரு கிளினிக்கில் கை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பில் ஒன்றும் இல்லை, சுளுக்குதான்" என்று சொல்லி கிரேப் பேண்டேஜும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். விரலைக் கொஞ்சம் மடக்கி வைத்தால் வலி குறைவாக இருந்தது. அதனால் அப்படியே மடக்கி வைத்துச் சுற்றிக்கொண்டேன். 3 வாரம் அப்படியே இருந்தது.

இப்போது கட்டை அவிழ்த்து 2 வாரம் ஆகிறது. மடக்க முடிகிறது, முஷ்டி கட்டும்போது கடைசியில் கொஞ்சம் இறுகுகிறது, அவ்வளவுதான். நீட்டத்தான் முடியவில்லை. நடுக்கணு கொக்கி மாதிரி நிற்கிறது. ரப்பர் கையுறைக்குள் நுழைவதில்லை. சுவிட்ச் பெட்டிக்குள் கை விட்டால் வயரில் மாட்டுகிறது. கணுவின் தடிப்பும் அப்படியே இருக்கிறது.

எலும்பு உடையவில்லை என்றால் வேறு என்னதான் கெட்டுப்போயிருக்கும்? அந்தக் கணுவுக்குள் அப்படி என்ன இருக்கிறது? தானாகச் சரியாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தக் கையை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது.

பழைய விக்கெட் கீப்பர் எழுதியது:

மணி, எனக்கு நடந்தது வேறு கணுவில். ஆனால் கதை கிட்டத்தட்ட இதேதான். கல்லூரி நாட்களில் கீப்பிங் செய்தபோது பந்து நடுவிரல் நுனியில் பட்டது. அவ்வளவாக வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நகத்துக்குக் கீழே உள்ள கணு தலை குனிந்து நிற்கிறது. இடது கையால் தூக்கி விட்டால் நேராகிறது, விட்டால் தொங்கிவிடுகிறது. விரலின் முதுகுப் பக்கம் ஓடிவந்து கடைசி எலும்பில் ஒட்டும் டெண்டன் என்கிற தசைநாண் அங்கே பிய்ந்துவிட்டது என்றார் எலும்பு மருத்துவர். மேலட் ஃபிங்கர் என்று பெயர்.

ஆபரேஷன் எதுவும் இல்லை. நுனிக் கணுவை மட்டும் நேராக நிறுத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு கொடுத்தார். 8 வாரம், ராத்திரி பகல் எந்நேரமும். அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றும் நினைவிருக்கிறது: "ஒரு நிமிடம் அந்த நுனி கீழே தொங்கினாலும் ஒட்டிக்கொண்டிருந்த இழை பிரிந்துவிடும், எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்." நான் 4-வது வாரத்தில் குளிக்கும்போது கூட்டைக் கழற்றி, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நுனி தொங்கியது. மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணினேன். மொத்தம் 12 வாரம். இன்று அந்த விரல் நேராக இருக்கிறது.

எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் டெண்டன் பிய்ந்திருக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கைக்கென்று இருக்கிற மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருப்பட்டி எழுதியது:

தம்பி, இது நரம்பு பிசகு. எங்கள் பக்கம் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். வேப்பெண்ணெயைச் சூடு பண்ணிப் போட்டு, விரலை அடியிலிருந்து நுனி வரைக்கும் உருவி, ஒரு இழுப்பு இழுத்தால் நேராகிவிடும். என் மச்சானுக்குக் கணுக்கால் அப்படித்தான் சரியானது. வலி பொறுத்துக்கொண்டால் ஒரு வாரத்து வேலை.

நெசவாளி மகள் எழுதியது:

மணி தம்பி, தயவுசெய்து யாரிடமும் உருவக் கொடுக்காதீர்கள். கருப்பட்டி அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் விரல் கணு கணுக்கால் இல்லை. 22 வருடமாகக் கை சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வெடுக்கென்று இழுக்கப்பட்ட நடுக்கணு மறுபடியும் கிழிந்து, வீங்கி, முன்பைவிடக் கெட்டியாக இறுகி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விரலைப் பார்க்காமல் இதுதான் என்று நான் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா, அதைச் சொல்லலாம். கொஞ்சம் நீளமாக வரும்.

ஒரு கையில் 27 எலும்புகள். அதில் விரல்களுக்குள் இருப்பவை 14. அந்த 14-ஐயும் கோத்துப் பிடித்து வைத்திருக்கிற எதுவும் எக்ஸ்ரேயில் பதியாது. இன்னொன்று, இடது கையால் வலது முன்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். தசை அங்கே புரள்வது தெரியும். விரலுக்குள் விரலை அசைக்கிற தசை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாத் தசையும் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது, விரலுக்குள் வருவது கயிறு மட்டும். அந்தக் கயிறுதான் டெண்டன். மடக்கும் கயிறுகள் எலும்பை விட்டு விலகி நாணேறிய வில்லைப் போல் எழும்பிவிடாதபடி, விரலின் உள்பக்கம் முழுக்க ஒரு உறையும், அதன்மேல் வளையம் வளையமாகப் பட்டைகளும் இருக்கின்றன. பாவாடைக்கு நாடா கோக்கிற மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி. ஐந்து பெரிய வளையம், மூன்று மெல்லிய குறுக்குப் பட்டை. அடி எலும்பின்மேல் உள்ளதும் நடு எலும்பின்மேல் உள்ளதும்தான் முக்கியமானவை.

சரி, கணுவுக்கு வருவோம். ஒரு விரலில் மூன்று கணு. உள்ளங்கையோடு சேரும் அடிக்கணு, நடுக்கணு, நுனிக்கணு. மூன்றும் ஒரே மாதிரி கட்டப்படவில்லை. விரலை நீட்டி வைத்துக்கொண்டு அடிக்கணுவைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடும். இப்போது முஷ்டி கட்டிக்கொண்டு அதே விரலை ஆட்டிப் பாருங்கள், ஆடாது. ஏனென்றால் அங்கே உள்ளங்கை எலும்பின் தலை முழு உருண்டை இல்லை, உள்பக்கம் அகன்று புடைத்திருக்கும். விரல் மடங்கும்போது பக்கத்து லிகமென்ட்கள் அந்தப் புடைப்பின்மேல் ஏறி விறைத்துக்கொள்ளும், நீட்டினால் தளர்ந்துவிடும். ஊரில் ஜவ்வு என்கிறோமே, அதுதான் லிகமென்ட்.

நடுக்கணு அப்படியில்லை. அது கதவுக் கீல். அடி எலும்பின் முனையில் இரண்டு குமிழ், நடுவில் ஒரு பள்ளம். நடு எலும்பின் விளிம்பில் அந்தப் பள்ளத்தில் உட்காருகிற ஒரு மேடு. 100 டிகிரிக்கு மேல் மடங்கும், பக்கவாட்டில் ஏறக்குறைய அசையவே அசையாது. இந்தக் கீலைச் சுற்றி ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரும் பக்க லிகமென்ட்கள். மேலே, முதுகுப் பக்கம், நீட்டுகிற டெண்டனின் நடு இழை. அடியில், உள்ளங்கை பார்த்த பக்கம், வோலார் பிளேட் என்ற தட்டு. நான் அதை அடித்தட்டு என்றுதான் நோயாளிகளிடம் சொல்வேன்.

இந்த அடித்தட்டை முதல் வருடம் உடற்கூறு வகுப்பில் என் கையாலேயே பிரித்துப் பார்த்தேன். அதுவரை புத்தகத்தில் ஒரு கோடாக மட்டுமே தெரிந்த பொருள். நடு எலும்பில் ஒட்டுகிற முனையில் இடுக்கியால் தட்டினால் நகத்தைத் தட்டுவது போல் கெட்டியாக இருந்தது. அங்கே அது குருத்தெலும்பு கலந்த தடித்த திசு. அடி எலும்பை நோக்கிப் போகப் போக நடுப்பகுதி மெலிந்து, இரண்டு ஓரத்திலும் மட்டும் இரண்டு வாராக நீள்கிறது, தகைவிலான் குருவியின் வால் போல. ஆங்கிலத்தில் அந்த வார்களுக்குக் குதிரைக் கடிவாளத்தின் பெயர்தான்: செக்ரெய்ன். விரல் பின்னால் வளையாமல் இழுத்துப் பிடிப்பது அவைதான். விரல் மடங்கும்போது தட்டு எலும்பின் அடியில் வழுக்கி உள்ளே போகும், நீட்டினால் வெளியே வரும். இந்தச் சின்ன வழுக்கல் நடந்தால்தான் விரல் நீளும்.

உங்கள் விரல் பின்பக்கமாகப் போனது என்கிறீர்கள், கணு மேலே புடைத்து நின்றது, இழுத்ததும் டக்கென்று உட்கார்ந்தது என்கிறீர்கள். கணு நழுவித் திரும்பியிருக்கிறது. அப்படி நழுவும்போது முதலில் பிய்வது அடித்தட்டுதான், பெரும்பாலும் அந்தக் கெட்டி முனை. சில சமயம் அரிசி முனையளவு எலும்புத் துணுக்கையும் பெயர்த்துக்கொண்டு வரும். கை முழுவதையும் எடுத்த எக்ஸ்ரேயில் பக்கவாட்டுப் படத்தில் நாலு விரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும், துணுக்கு அதில் மறைந்துவிடும். மோதிர விரலை மட்டும் தனியாக, சரியான பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது, மடக்கி வைத்தால் வலி குறைந்தது என்றீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. வீங்கின கணுவுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பாதி மடங்கிய நிலையில்தான் பெட்டிக்குள் இடம் அதிகம், அதனால் கணு தானாகவே அங்கே போய் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வுதான் ஆபத்து. மடங்கியே இருக்கும் 3 வாரத்தில் பிய்ந்த தட்டு சுருங்கி ஒட்டுகிறது, கடிவாள வார்கள் தடித்துக் குட்டையாகின்றன. பிறகு அவை விரலை நீட்ட விடாது. நாங்கள் கைக்குக் கட்டுப் போடும்போது அடிக்கணுவை நன்றாக மடக்கியும், நடுக்கணு, நுனிக்கணு இரண்டையும் நேராகவும் வைப்பது இதனால்தான். அடிக்கணு இறுகுவது நீட்டி வைத்தால், நடுக்கணு இறுகுவது மடக்கி வைத்தால். பார்க்க விநோதமாக இருக்கும், மூக்கு நீண்ட வாத்து மாதிரி. ஆனால் எல்லா லிகமென்டும் இழுபட்டு நீண்டிருக்கும் நிலை அதுதான்.

என் அப்பா காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்தவர். நான் எட்டாவது படிக்கும்போது பஸ் கதவில் அவர் மோதிர விரல் மாட்டியது. எலும்பில் ஒன்றுமில்லை என்று அவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்துவிட்டார். விரல் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. அறுந்த இழையைப் பிணைக்கக் குனியும்போதெல்லாம் அந்தக் கொக்கி பாவு நூலில் சிக்கும். ஒரு இழையைப் பிணைக்கப் போய் நாலு இழையை அறுத்துவிட்டு எழுந்து வெளியே போய் நிற்பார். "ஒன்றுமில்லை" என்ற வார்த்தையை எந்த நோயாளியிடமும் நான் சொல்வதில்லை.

இப்போது வீட்டில் நீங்கள் செய்து பார்க்க மூன்று விஷயம். இழுக்கவோ அழுத்தவோ கூடாது, மெதுவாகத்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் வையுங்கள், நடுக்கணுவுக்கு அடியில் பென்சில் நுழைகிறதா பாருங்கள். பிறகு இடது கையால் மெல்லத் தாங்கி நீட்டிப் பாருங்கள், தாங்கினால் நேராகிறதா, அல்லது அப்போதும் சுவரில் முட்டினாற்போல் நிற்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். விரலை மேஜை விளிம்பில் நடுக்கணு வரைக்கும் படுக்க வைத்து, அந்தக் கணுவிலிருந்து 90 டிகிரி கீழே மடக்கித் தொங்க விடுங்கள். இடது கையால் நடு எலும்பை மேலிருந்து தடுத்துக்கொண்டு விரலை நீட்ட முயலுங்கள். அப்போது நகக்கணு, அதாவது நுனிக்கணு, தொளதொளவென்று இருக்கிறதா, விறைத்து நிற்கிறதா? 1986-ல் எல்சன் என்ற அறுவை மருத்துவர் சொன்ன பரிசோதனை இது.

இது எதற்கு என்றால், பெட்டியின் கூரையும் கிழிந்திருக்கலாம். நீட்டும் டெண்டன் நடுக்கணுவுக்கு மேலே மூன்றாகப் பிரிகிறது. நடு இழை நடு எலும்பில் ஒட்டும். இரண்டு ஓர இழைகளும் கணுவின் இருபுறமும் போய் மறுபடி ஒன்று சேர்ந்து நகக்கணுவை நீட்டும். விக்கெட் கீப்பர் அண்ணனுக்குப் பிய்ந்தது அந்தச் சேர்ந்த முனை. நடு இழை பிய்ந்தால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. போகப் போக ஓர இழைகள் கணுவின் இருபுறமும் சரிந்து உள்ளங்கைப் பக்கம் இறங்கிவிடும். நீட்ட வேண்டிய கயிறே மடக்கும் கயிறாக மாறிவிடும். நடுக்கணு மடங்கி நிற்கும், நகக்கணு பின்னால் வளைந்து விறைக்கும், இந்தக் கோணலுக்கு பூட்டனியர் என்று பெயர். எல்சன் பரிசோதனையில் நகக்கணு விறைத்தால் நடு இழையில் சந்தேகம். தொளதொளவென்று இருந்தால் அது பிழைத்திருக்கிறது.

பதிலை எழுதுங்கள். எது வந்தாலும் கை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, உங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியிலும் விசாரியுங்கள்.

செட்டர் மணி எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன், மனைவிக்கும் படித்துக் காட்டினேன். செய்து பார்த்தேன்.

பென்சில் நுழைகிறது, தாராளமாக. இடது கையால் தாங்கினாலும் நேராகவில்லை, நீங்கள் சொன்ன மாதிரி சுவரில் முட்டி நிற்கிறது. மேஜை விளிம்புப் பரிசோதனையில் நகக்கணு தொளதொளவென்றுதான் இருந்தது. இடது மோதிர விரலிலும் செய்து பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. நகக்கணுவைத் தனியாக மடக்க முடிகிறது, பின்னால் வளையவில்லை.

ஒரு சந்தேகம். அடித்தட்டு பிய்ந்தால் விரல் பின்னால்தானே வளைய வேண்டும்? முன்னால் மடங்கி நிற்பது எப்படி?

நெசவாளி மகள் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பிய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு வழியிலும் போகலாம். ஒழுங்காக ஒட்டாமல் தளர்ந்து போனால் நீங்கள் சொல்கிறபடி பின்னால் வளையும், அன்னத்தின் கழுத்து மாதிரி. தழும்பு கட்டிச் சுருங்கி ஒட்டினால் முன்னால் மடங்கி நிற்கும். மடக்கிச் சுற்றி வைத்த விரல் இந்த இரண்டாவது வழியில் போகும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நடு இழை இருக்கிறது. பூட்டனியர் போலத் தோற்றம், ஆனால் அது அல்ல. கோளாறு அடியில், தட்டிலும் கடிவாள வார்களிலும். இதை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டியது மருத்துவர். 5 வாரம் என்பது தாமதம்தான், ஆனால் கை விட்டுப் போகிற தாமதம் இல்லை. தழும்பு இன்னும் இளசாக இருக்கிறது.

இந்த இறுக்கத்தைப் பலத்தால் திறக்க முடியாது, நேரத்தால்தான் திறக்க முடியும். இழுத்த ரப்பர் போல் திசு உடனே நீளாது. மெல்லிய இழுவிசையில் நாள் கணக்கில் வைத்திருந்தால் அது தானே வளர்ந்து நீண்டு கொடுக்கும். இந்தக் கருத்தைக் கை மருத்துவத்தில் ஆழமாக ஊன்றியவர்களில் ஒருவர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் விரல்கள் பறவையின் கால் நகம் போல் மடங்கிப் போனவர்களுக்கு வேலை செய்தார். தொழுநோயில் முழங்கையருகே அல்நார் நரம்பு கெட்டு, உள்ளங்கையின் சின்னத் தசைகள் செத்துவிடும். அடிக்கணுவை மடக்கி நடுக்கணுவை நீட்டுவது அந்தத் தசைகள்தான், அவை போனால் நடுக்கணு மடங்கி, நாளடைவில் உங்கள் விரலைப் போலவே இறுகும். டெண்டனை மாற்றி வைக்கும் அறுவைக்கு முன்னால் அந்தக் கணுக்களைத் திறக்க, விரலைச் சுற்றி மெல்லிய மாவுக்கட்டு போட்டு, சில நாளில் கழற்றி, கிடைத்த இரண்டு மூன்று டிகிரியைக் காப்பாற்றி மறுபடி கட்டு. இப்படியே திரும்பத் திரும்ப. நானும் இன்றுவரை அதையே செய்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பொறுமையும் வேண்டும்.

உங்களுக்கும் இதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். கட்டு நடுக்கணுவுக்கு மட்டும் இருக்க வேண்டும். நகக்கணுவை வெளியே விட்டு, நாள் முழுக்க அதை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள், ஓர இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் ஓடும். விரல் நுனி நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே கட்டை ஊற வைத்து அவிழ்த்துவிடுங்கள்.

தடிப்பைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அது 6 மாதமோ ஒரு வருடமோ இருக்கும். கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். அறுத்த மோதிரத்தை இப்போது ஒட்ட வைக்க வேண்டாம். அப்புறம் எல்லோருக்குமாக ஒன்று: கையில் எங்கே அடிபட்டாலும் முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது, வீக்கம் வருவதற்கு முன்னால்.

பழைய விக்கெட் கீப்பர் எழுதியது:

அக்கா, இடையில் ஒரு கேள்வி. எனக்கு விரலில் சொடக்கு எடுக்கிற பழக்கம் உண்டு. பேத்திக்குத் திருஷ்டி கழிக்கும்போது என் அம்மா நெட்டி முறிப்பார்கள். இதனால் கணு கெடுமா?

நெசவாளி மகள் எழுதியது:

கெடாது. கணுவுக்குள் வழவழப்பான நீர் இருக்கிறது. எலும்பைச் சட்டென்று பிரிக்கும்போது அழுத்தம் குறைந்து அந்த நீருக்குள் ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது, சத்தம் அதோடு சேர்ந்து வருகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ.க்குள் விரலை வைத்துச் சொடக்கு எடுத்து இதைப் படம் பிடித்தார்கள். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் 50 வருடம் ஒரு கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்துப் பார்த்து, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-ல் எழுதினார். ஒரே ஒருவரை வைத்துச் சொன்னது, ஆனாலும் மனதுக்கு ஆறுதல். அம்மா நெட்டி முறிக்கட்டும். அடிபட்டு வீங்கின கணுவில் மட்டும் யாரும் சொடக்கு எடுக்கக் கூடாது.

செட்டர் மணி எழுதியது (9 வாரம் கழித்து):

அக்கா, நலமா? சொன்னபடி அந்த வாரமே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரலை மட்டும் தனியாகப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டேன். நடு எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்கம், உடைந்த குருணை மாதிரி ஒரு துணுக்கு இருந்தது. கணு நழுவாமல் சரியாக உட்கார்ந்திருப்பதால் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். அளவெடுத்தபோது விரல் நேராக நீள 35 டிகிரி குறைவு.

4 நாளுக்கு ஒருமுறை மாவுக்கட்டு. மொத்தம் 9 கட்டு. முதல் இரண்டு கட்டில் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்று தோன்றியது. மூன்றாவதைக் கழற்றியபோது 27 டிகிரி இருந்தது. அதற்கப்புறம் ஒரு தடவையும் தவறவில்லை. கட்டுப் போடுகிற அம்மாவிடம் "கடிவாள வார் இளகுகிறதா" என்று கேட்டேன், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

இப்போது 8 டிகிரிதான் பாக்கி. பகலில் நடுவிரலோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன், ராத்திரி மட்டும் நேராக நிறுத்தும் கூடு. கையுறை நுழைகிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தால் பென்சில் இப்போது நுழைவதில்லை. கரண்ட் பில் அட்டையைத்தான் சொருக முடிகிறது.